வரலாற்று வகுப்பிலிருந்து புதுக்கடைக்கு

பெப்ரவரி 11, பேராதனை

இன்று வரலாற்று வகுப்பில் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தையே கையில் கொடுத்துவிட்டார் சேர். இதுவரை அதைப் பற்றிப் பிறர் எழுதியதைத்தான் வாசித்திருந்தோம். சட்டம் வருவதற்கு முன் இங்கே பிறந்தவர் என்றால், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவில் எந்த இனத்தின் பெயரும் இல்லை.

"அப்போ யாரை வெளியே தள்ளுது?" என்று கேட்டார் சேர். அதற்குப் பதில் சட்டத்துக்குள் கிடைக்காது. இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்கள் எப்போது வந்தார்கள், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளையின் பிறப்பு எங்கே பதிவானது, பூட்டன் பிறந்ததற்கு யாரிடம் சான்று இருக்கும் என்று தேடினால்தான் தெரியும். கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரிக்குப் போக ஆசைப்படும் எனக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைத்திருக்காது.

பெப்ரவரி 14

கோடக்கன் பிள்ளை வழக்கு. பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றான பிறகு, வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர். உயர் நீதிமன்றத்தில் 1951 இலும் அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் 1953 இலும் தோற்றார். யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை. விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற 1949 ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டிருக்கிறது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

தர்க்கவியல் வகுப்பில் செய்வதுபோல எடுகோள்களைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். 'வழி திறந்திருக்கிறது' என்ற எடுகோள்தான் பாரத்தைத் தாங்குகிறது. வரலாறு படித்தவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அந்த வழியில் எத்தனை பேர் உள்ளே போக முடிந்தது? விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்தால் இந்தக் கேள்வி எழாது.

பெப்ரவரி 20

தமிழ் வகுப்பில் பரிமேலழகர் உரை. பிறர் கொண்ட பொருளை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று காட்டுகிறார். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துச் சொல்லி மறுக்க இங்கேயே பழகலாம்.

மார்ச் 2, ஹட்டன்

சட்டக் கல்லூரியில் படிக்கும் எங்கள் தோட்டத்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். நுழைவுத் தேர்வைப் பற்றி நிறையப் பேசினோம். "ஆர்ட்ஸ் பிள்ளைங்க நல்லா வாசிப்பீங்க தங்கச்சி. ஆனா ரெண்டு பக்கமும் எழுதிட்டு முடிவைச் சொல்லாம விட்டுருவீங்க. கோர்ட்டுல முடிவுதான் வேணும்" என்றார். சரிதான். எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு எதைக் கட்டுப்படுத்தும் என்பதையும் கலைப்பீடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சட்டம் படிக்கும்போதுதான் கற்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஆங்கிலம். பழைய தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படிக்கும் மலையகப் பிள்ளைக்குச் சிந்தனை கூர்மையாக இருந்தும், மூலத்தைத் தொட முடியாமல் போகிறது. தனியாக ஒரு இங்கிலிஷ் வகுப்பு வைப்பதால் மட்டும் இது தீராது. வரலாறு, அரசறிவியல் பாடங்களுக்குள்ளேயே வாரம் ஒரு மூல ஆவணத்தை ஆங்கிலத்தில் வரிவரியாக வாசிக்க வைக்க வேண்டும்.

மார்ச் 6

சேரிடம் கேட்டோம், சம்மதித்துவிட்டார். அடுத்த கிழமை, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், ஆங்கிலப் பிரதியில். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் என்ற நிபந்தனையிலிருந்து தொடங்குகிறோம். அந்தத் திகதி ஏன் என்பதை, இந்த மக்களின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை வைத்து விளக்கும் பொறுப்பு என்னுடையது.