எந்த ஒலிம்பியாடுக்குப் பணம் கட்டலாம்? தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பதில்

ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் சேர எழுதும் ஐஏடி தேர்வின் ரேங்க் வந்துவிட்டது. ஏழு ஐசர்களில் ஏதோ ஒன்றில் இடம் கிடைத்துவிடும் என்கிற அளவுக்கு இருக்கிறது. எந்த ஊர் என்பது கவுன்சலிங் முடிந்தால்தான் தெரியும். சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐ (சென்னைக் கணித நிறுவனம்) கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, அதனால் கீழே சில இடங்களில் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேதி தெருவில் பரவியதிலிருந்து அக்கம்பக்கத்து அம்மாக்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "எம் புள்ளைக்குக் கணக்கு நல்லா வருதுத்தா. எந்த ஒலிம்பியாடுக்குப் பணம் கட்டட்டும்?" ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லி முடியவில்லை. அதனால்தான் இது. பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்துத் தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு எரிச்சலைத் தீர்த்துவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒலிம்பியாட் என்ற பெயரில் ஒரு தனியார் தேர்வுக்குப் பணம் வாங்கினார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குத் தங்கப் பதக்கம் வந்தது. எங்கள் வீட்டு உப்புக்காற்றுக்கு அது ஒரு மழைக்காலம் கூடத் தாங்கவில்லை, துருவேறிவிட்டது. நாடுகள் போட்டியிடும் கணித ஒலிம்பியாடுக்குப் போகிற வழி இது கிடையாது. அந்த வழி ஐஓக்யூஎம் என்கிற முதல் கட்டத் தகுதித் தேர்வில் தொடங்குகிறது. அதைத் தாண்டினால் மண்டல அளவில் ஆர்எம்ஓ, அப்புறம் தேசிய அளவில் ஐஎன்எம்ஓ, அப்புறம் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் முகாம். அறிவியலுக்கு ஐஏபிடி (இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம்) நவம்பரில் நடத்தும் என்எஸ்இ தேர்வுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் நான்குக்கும் தனித்தனித் தாள், பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் சயின்ஸ். உங்கள் பள்ளிக்கு வரும் நோட்டீசில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லாமல் 'ஒலிம்பியாட்' மட்டும் பெரிதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. என்டிஎஸ்இ என்கிற தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. கேவிபிஒய் என்கிற அறிவியல் உதவித்தொகைத் தேர்வு 2022-இல் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு அடுத்த வருடமும் ஒரு கோச்சிங் சென்டரில் எங்களுக்குக் கேவிபிஒய் கையேடு விற்றார்கள். (கையேடு வீணில்லை. கேள்விகள் அருமையானவை, கிடைத்தால் விடாதீர்கள். எழுதத் தேர்வுதான் இல்லை.)

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என்னைக் கேட்டால் ஒரே வழிதான் சொல்வேன். பெயரைப் பார்க்காதீர்கள், பரிசுத்தொகையைப் பார்க்காதீர்கள், போன வருடம் யார் பாஸ் செய்தார்கள் என்றும் பார்க்காதீர்கள். அந்தத் தேர்வின் பழைய கேள்வித்தாள் ஒன்றை இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே. மார்க் போட வேண்டாம். எழுந்திருக்கும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு கணக்கு பாதியில் நின்று, சாப்பிடும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் அது உங்கள் தேர்வு. எழுந்ததும் தலைவலித் தைலம் தேடினால் அது வேறு யாருடையதோ.

நான் மெதுவான ஆள். வகுப்பில் கடைசியாகத்தான் கை தூக்குவேன். அப்படிப்பட்டவளுக்கு ஐஓக்யூஎம் தாள் முதன்முதலில் கைக்கு வந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! மூன்று மணி நேரத்துக்கு 30 கேள்விகள்தான். பத்துக்கு இரண்டு மதிப்பெண், பத்துக்கு மூன்று, பத்துக்கு ஐந்து, ஆக 100. விடை எல்லாமே 00 முதல் 99 வரைக்குள் ஒரு முழு எண். தப்புக்குக் குறைப்பு கிடையாது. நான்கு விடையைக் கொடுத்து ஊகிக்கச் சொல்வதும் கிடையாது.

எந்த ரகக் கேள்வி என்று காட்ட ஒன்று சொல்கிறேன். 2 அடி அகலம், 10 அடி நீளத் தரை. 2-க்கு 1 ஓடுகள் பத்து இருக்கின்றன. எத்தனை விதமாகப் பதிக்கலாம்? பிளஸ் ஒன் புத்தகத்தின் சூத்திரங்களைப் புரட்டினால் நேராக எதுவும் உதவாது. அப்பா கொண்டுவரும் நண்டு கம்பெனி எடைச் சீட்டின் பின்பக்கத்தில்தான் இதைப் போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்தில் முதல் ஓட்டை நிறுத்தி வைத்தால் மிச்சம் 9 அடி. படுக்க வைத்தால் அதன் கீழே இன்னொன்றும் படுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை, மிச்சம் 8 அடி. அப்படியென்றால் 10 அடிக்கான விடை, 9 அடி விடையும் 8 அடி விடையும் சேர்ந்தது. ஓரடிக்கு 1, இரண்டடிக்கு 2. அங்கிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 3, 5, 8, 13, 21, 34, 55, 89. விடை 89. சீட்டில் 'ஆண் நண்டு, பெண் நண்டு' என்று எடை போட்டிருந்த பக்கத்தை அப்பா கேட்டபோதுதான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐஏடி இதற்கு நேர் எதிர். 60 கேள்விகள், 180 நிமிடம். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும், மொத்தம் 240. ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் என்றால் என்னைப் போன்றவர்களுக்கு மூச்சு முட்டும். அதையும் எழுதினேன், ஏனென்றால் 2024-இலிருந்து ஐசருக்கு அது ஒன்றுதான் வாசல். பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் கழகம்) பிஎஸ் படிப்புக்கும் அந்த ரேங்கைப் பார்க்கிறார்கள். வேகமான ஆட்கள் இந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே நான் ஐஓக்யூஎம் பற்றிப் பாடிய பாட்டை மறந்துவிடலாம்.

பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு எடுத்தாலும் ஐஏடி எழுதலாம். ஆனால் உயிரியலின் 15 கேள்விகள், அதாவது 60 மதிப்பெண், உங்கள் கைக்கு எட்டாமல் போகும். அறிவியல் ஆராய்ச்சிதான் என்று முடிவு செய்துவிட்டால் உயிரியல்–கணிதம் எடுங்கள். எங்கள் வகுப்பில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் அந்தப் பிரிவுக்குப் போனது தோழி போனாள் என்பதற்காக.

பணம் தரும் திட்டம், பாடம் தரும் திட்டம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பணம் தருபவை:
- என்எம்எம்எஸ். எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமான வரம்புக்குள் வரும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் எழுதுங்கள், யோசிக்கவே வேண்டாம்.
- ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில். தொகை சின்னது. ஆனால் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று ஒதுக்கியிருப்பதால் நம் மாவட்டத்துக்குள் மட்டும்தான் போட்டி.
- தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. 500 மாணவர், 500 மாணவியர், மாநிலம் முழுவதற்கும். பட்டப்படிப்பு வரை வருடத்துக்கு 10,000. கேள்விகள் 9, 10 ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து. நான் 2023-இல் பதினொன்றாம் வகுப்பில் எழுதினேன். எந்த வகுப்பு எழுதலாம் என்பது பிறகு மாறியிருக்கிறது, அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.
- இன்ஸ்பயர். பிளஸ் டூவில் உங்கள் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், கணிதம், வேதியியல் போன்ற அடிப்படை அறிவியல் படித்தால் வருடத்துக்கு 80,000. அதில் 60,000 கைக்கு, 20,000 கோடை ஆய்வுக்கு. தனியாகத் தேர்வு இல்லை. 'போர்டு மார்க்கை வைத்து என்ன செய்ய' என்று சொல்கிற கோச்சிங் சார்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இவை எதுவும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத் தராது. குடும்பத்துக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை.

பாடம் தருபவை என்று நான் நினைப்பது ஐஓக்யூஎம், என்எஸ்இ, சின்னப் பிள்ளைகளுக்குச் சென்னையில் இருக்கும் ஏஎம்டிஐ என்கிற கணித ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் என்எம்டிசி கணிதத் திறன் போட்டி. இவற்றில் தோற்றாலும் தயாரித்தது கையில் நிற்கும். நான் ஐஓக்யூஎம்மைத் தாண்டவில்லை. ஆனால் சிஎம்ஐ தாளில் படிப்படியாக நிறுவி எழுத வேண்டிய கேள்விகளில் நான் எழுதியது முழுக்க அங்கே பழகியதுதான். மூன்றும் தவறிவிட்டால் கல்லூரியிலும் வாசல் உண்டு. கணிதம் எடுப்பவர்களுக்கு 1993-இலிருந்து எம்டிடிஎஸ் கோடை முகாம் நடக்கிறது.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, நாம்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சுற்றுப்புறத்தை ஆராய்ந்து திட்டம் கொடுக்கலாம். நாங்கள் எடுத்தது எங்கள் ஊர்க் கிணறுகளில் எது கோடையில் கரிக்கிறது என்பது. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு லிட்டர் தண்ணீரை எவர்சில்வர் சட்டியில் வற்றக் காய்ச்சி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் எடை போட்டோம். ஒப்பிடக் கடல் தண்ணீர் ஒரு லிட்டர். அதில் ஏறத்தாழ 35 கிராம் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. எங்களுக்கு அதைவிடக் கூடுதலாக வந்தது. சட்டியில் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது என்று நகைக்கடை அண்ணன்தான் சொன்னார்! மாவட்ட அளவோடு நின்றுவிட்டது. இருந்தாலும் ஒரு அளவை எப்போது நம்பலாம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமே இருக்கிறது. கடல்பாசி, கடற்புல், நண்டு என்று எதை எடுத்தாலும் கேட்க ஆள் உண்டு. கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி வீட்டு வாசலில் இல்லை. இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் இப்படி ஒரு யோசனையை அனுப்பலாம், தேர்வானால் செய்து பார்க்க 10,000 ரூபாய் தருகிறார்கள்.

நம் பக்கத்து விழா மேடைகளில் 'அடுத்த கலாம் நீங்கள்தான்' என்று எல்லோரும் சொல்வார்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் தேதி, பயணம், பணம் பற்றிச் சுருக்கமாக:

- ஐஓக்யூஎம் செப்டம்பர் வாக்கில் வரும். எனக்கு மையம் மதுரை. பாம்பன் பாலம் மூடியிருந்த காலம் அது, ரயில் தீவுக்குள் வராது. முதல் நாளே பஸ் ஏறி, மதுரையில் சித்தி வீட்டில் தங்கிப் போனேன். இப்போது 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. ஆனாலும் முதல் நாளே போய்விடுங்கள். பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கிய தலையில் கணக்கு ஏறாது.
- என்எஸ்இக்குப் பள்ளியே மையமாகப் பதிவு செய்துகொள்ள முடியும். அறிவியல் ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்.
- ஐஓக்யூஎம், ஐஏடி, சிஎம்ஐ எதிலும் தமிழ்த் தாள் இல்லை. தமிழ் வழிப் பிள்ளைகள் பழைய தாளை எழுதும் அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியாத சொற்களைத் தனி நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். நான் பத்து வரை தமிழ் வழிதான். கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் கொஞ்சம்தான்.
- பிளஸ் டூவுக்குப் பிறகான தேர்வுகள் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகில் போகிற வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது. இரண்டு மூன்று விண்ணப்பக் கட்டணம் சேர்ந்தால் ஒரு மாத மளிகை. மார்ச்சிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நல்லது, அந்த மாதங்களில் கூட வர அப்பா இருப்பார். "வேலை இல்லாத நேரத்துலயாவது ஒன்னோட மதுரையப் பாத்துக்கிறேன் தாயி" என்று எங்கள் அப்பா ஐஏடிக்கு வந்தார். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மீன் மார்க்கெட்டில் நண்டு என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டு வந்தார்.
- ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு இ-சேவையில் கொடுத்து வாங்க நாளாகும்.
- விண்ணப்பத்தில் அப்பாவின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். ஓடிபி வரும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார், டவர் எடுக்காது. கரையில் இருக்கிற அம்மா, மாமா, யாருடைய நம்பராவது கொடுங்கள். ரேங்க் கார்டு, கவுன்சலிங், பணம் கட்டுவது எல்லாம் கடைசி வரை அதே நம்பரில்தான் ஓடும். நடுவில் சிம்மை மாற்றிவிட வேண்டாம் என்று அந்த நம்பருக்கு உரியவரிடமும் சொல்லி வையுங்கள்.