அம்மாவின் பாதி

கடலூர் மாவட்டத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் என் கணவரும் ஏற்றுக்கொண்ட பணி, பிறர் பெற்ற குழந்தைகளைச் சிறிது காலம் வைத்து வளர்த்துத் திருப்பி அனுப்புவது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் இதை வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் வகுத்திருக்கிறது. தத்தெடுத்தால் குழந்தை நம்முடையதாகிவிடும். இதில் அப்படி ஆகாது. குழந்தைகள் நலக் குழு ஆணையிட்டு ஒப்படைக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பார்க்கிறார்கள், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தையின் செலவுக்கென மாதம் 4,000 ரூபாய் வருகிறது. பெற்றவர் நிலை சீரானதும் குழந்தை அவரிடம் போய்ச் சேர வேண்டும். கூடிய விரைவில் தன் குடும்பத்தோடு சேர்வது குழந்தையின் உரிமை என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தப் பணியில் பிரார்த்தனை எனக்கு என்னவாக இருந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த வேண்டுதல் எல்லாம் 'கொடு' என்றும் 'காப்பாற்று' என்றும் கேட்பதாகவே இருந்தது. வேறு விதமாகக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்த ஒரு சிறுமி. அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். வீட்டில் நாங்கள் அழைத்தபடி சின்னவள் என்றே குறிப்பிடுகிறேன். அவளுக்கு முன்பு எங்களிடம் ஒரு பையன் ஏழு மாதம் இருந்தான். சாமி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான். அவனுக்காக நான் கும்பிட்டதெல்லாம் விடியற்காலையில் அவன் நனைத்த படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருக்கும்போதுதான், அதுவும் அவனுக்குத் தெரியாமல்.

சின்னவள் 2023 ஜூலையில் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. கடலோரக் குப்பத்துப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த அதிர்ச்சியில் மனம் கலங்கிய தாய் புதுச்சேரியில் சிகிச்சையில் இருந்தார். குழந்தையை வைத்துக்கொள்ளும் நிலையில் உறவினர் எவரும் இல்லை. வந்த அன்றே அவளிடம், "என்னை ஆயான்னு கூப்பிடு, அவரைத் தாத்தான்னு கூப்பிடு" என்றேன். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அம்மா என்ற சொல்லுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார், அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்ளலாகாது என்பதில் தெளிவாக இருந்தேன். ஆனால் சொல்லில் காட்டிய கவனத்தை அன்று இரவே செயலில் கோட்டை விட்டேன்.

இரவு பத்து மணிக்கு அவள் விம்மி விம்மி அழுதாள். பயந்த குழந்தைக்குத் திருநீறு இடுவது என் கைப்பழக்கம். என் மகனுக்கு இட்டிருக்கிறேன், சுற்றுக்குச் சென்ற கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இட்டிருக்கிறேன். யோசிக்காமல் அவள் நெற்றியிலும் இட்டுவிட்டேன். அழுகை உடனே நின்றது. பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். காலையில் பார்த்தால், அவள் நெற்றியைப் பாவாடையின் ஓரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா கோச்சிக்குமா ஆயா?" என்று கேட்டாள். அழுகை நின்றது அச்சத்தினால் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாயை இழந்து நிற்கிறோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு, தாய்க்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற கவலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அன்பினால் செய்ததாயினும் அது தவறுதான். குழந்தையைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அதன் சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணியை உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு கூறுகிறது. பயிற்சியின்போது அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள்தான் நான். எழுதிய கையே திருநீற்றை எடுத்தது.

அன்று பிற்பகல் அவளுடைய பையை இருவருமாகப் பிரித்தோம். இரண்டு பாவாடை, ஒரு சீப்பு, வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று, அதற்கடியில் ஒரு செபமாலை. வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள், பல இடங்களில் மஞ்சள் பாய்ந்திருந்தன. ஓரிடத்தில் அறுந்து, வலைக்காரர்கள் பயன்படுத்தும் தங்கூசி நரம்பால் முடியப்பட்டிருந்தது. அந்த முடிச்சு அவளுடைய அப்பா போட்டது என்று சொன்னாள். அறுந்தபோது ஒரு மணி எங்கேயோ உருண்டு தொலைந்துபோனதால், பத்து மணி இருக்க வேண்டிய அந்த இடத்தில் ஒன்பதே இருந்தன. அவள் எப்போதும் அந்த ஒன்பதைத்தான் உருட்டுவாள். ஒன்பது முடிந்ததும் பத்தாவதற்குத் தன் கட்டைவிரல் நகத்தைத் தொட்டுக்கொள்வாள்.

என் கணவர் அவள் படுக்கும் அறையின் சுவரில் ஒரு சிறு பலகை அடித்துக் கொடுத்தார். படத்தை அதில் வைத்து, இரவு ஏழரை மணிக்கு முழங்காலிட்டு அவள் செபிக்கத் தொடங்கினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி ஓரளவு சொல்லி நிறுத்துவாள். சிறிது நேரம் பேச்சே இராது. பிறகு அடுத்த மணியைப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். மறந்து மறந்து நிற்கிறாள் என்றே நான் நினைத்தேன். மூன்றாம் நாள் கேட்டபோது, மந்திரத்தை இரண்டு பாதியாகச் சொல்வது வழக்கம் என்றும், முதல் பாதி தன்னுடையது, பின்பாதி அம்மாவுடையது என்றும் விளக்கினாள். "வேணும்னா நான் கத்துக்கிட்டு பின்பாதியைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வேணாம் ஆயா. அது அம்மா சொல்றது. நீங்க சும்மா இருங்க" என்றாள்.

அன்று முதல் நான் சும்மா இருந்தேன். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தும்போது, அந்தத் தாய் பின்பாதியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பது என் பங்கு. ஓரிரு வாரங்களில் அந்த இடைவெளியின் அளவு எனக்குப் பழகிவிட்டது. எனக்கு வாய்த்த பிரார்த்தனைகளில் மிகவும் உண்மையானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதில் நான் எதையும் கேட்கவில்லை. இன்னொருத்திக்கு உரிய இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பகல் முழுவதும் செய்த வேலையும் அதுவேதான். தலை வாரும்போதும், பள்ளியில் கையெழுத்திடும்போதும், காய்ச்சலில் அவள் தூக்கத்தில் "அம்மா" என்று முனகியபோது "ம்" என்று சொல்லிவிடாமல் நெற்றித் துணியை மட்டும் மாற்றிய இரவிலும் அதையேதான் செய்தேன்.

உறவினர்களுக்கு இது எளிதில் புரியவில்லை. விளக்கேற்றும் வீட்டில் மாதா படம் எதற்கு என்று ஒரு பக்கம் கேட்டார்கள். சின்னப் பிள்ளைதானே, மெல்ல நம் வழிக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று ஆதரவாகப் பேசியவர்களும் உண்டு. எனக்கு அவர்களுடைய பேச்சுதான் அதிகம் வலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் அவளை வண்டியில் மாதா கோயிலுக்கு அழைத்துச் சென்று, பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். பல வாரம் இதைக் கவனித்த, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, வெயிலில் நிற்க வேண்டாம் என்று உள்ளே அழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

நான் என் கோயிலை விட்டுவிடவில்லை. பிரதோஷந்தோறும் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் சந்நிதிக்குப் போவேன். அந்தச் சுவாமிக்குத் தோன்றாத்துணைநாதர் என்றும் பெயர் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது இங்கேதான் என்பது ஊர் வழக்கு. கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடத்திற்கே பெயர் இருக்கிறது. கண்ணுக்குத் தோன்றாமல் துணையாக இருப்பது என்பதைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், அதை ஒரு வேலையாக நான் எண்ணிப் பார்த்தது சின்னவள் வந்த பிறகுதான். அப்பரை நினைக்கும்போது அவருடைய தமக்கை திலகவதியாரையும் நினைத்துக்கொள்வேன். பெற்றோர் மறைந்து, தமக்கென்று நிச்சயித்திருந்தவரும் போரில் மாண்டபின், தம்பிக்காகவே உயிர் தாங்கியிருந்தவர். அந்தத் தம்பி வேறு சமயத்தைத் தேடிச் சென்றபோது, பண்ருட்டிக்கு அருகே திருவதிகையில் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டு காத்திருந்தவர். அவருடைய வேண்டுதல் தம்பியைத் தம் சமயத்திற்கே திரும்ப அழைத்தது. அந்த முடிவை என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. தேடிப் போய் இழுத்து வராமல், விளக்குமாறும் கையுமாக இருந்த இடத்திலேயே இருந்தாரே, அந்த இருப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2024ஆம் ஆண்டு கோடையில், அவளோடு மாதா கோயிலில் மறைக்கல்வி படித்த பிள்ளைகள் எல்லோரும் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்கினார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. அவளுக்கும் செய்துவிடலாம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று என் கணவர் ஆசைப்பட்டார். பாதுகாப்பு அலுவலர் வழியாகத் தாயிடம் கேட்டனுப்பினோம். கொஞ்சம் தெளிந்திருந்த அவர், தாமும் கூட நிற்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஆகவே அவள் அந்த ஆண்டு வாங்கவில்லை. தோழிகளின் ஊர்வலத்தைக் கோயில் தூணருகே நின்று பார்த்தாள். நான் அவள் பின்னால் நின்று, அவள் கழுத்துப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் இல்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும் சத்தமும் காற்றின் ஊளையும்தான். கடல் பறித்துக்கொண்ட தகப்பனின் பிள்ளைக்குக் காற்றுச் சத்தம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "அம்மா இருக்கிற எடத்துலயும் இப்படித்தான் அடிக்குதா ஆயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். செபமாலையை எடுத்தாள், முதல் பாதியைச் சொன்னாள், நிறுத்தினாள். நானும் வழக்கம்போல் மௌனமாக இருந்தேன். ஆனால் அந்த மௌனத்துக்குள் காற்று புகுந்து உறுமியது. அவளால் அடுத்த மணிக்குப் போக முடியவில்லை. "இன்னிக்கு மட்டும் நீங்க சொல்லுங்க, அம்மா பாதிய" என்றாள்.

எனக்கு வரிகள் தெரியாது. அகல் வெளிச்சத்தில் அவள் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னேன். பாவிகளாகிய நமக்காக இப்பொழுதும் இறக்கும் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்கும் வரிகள் அவை. இறப்பின் வேளை என்ற இடத்தில் நான் தடுமாறினேன்; அவள் தடுமாறவில்லை. ஒன்பது மணியும் ஒரு நகமும் முடிய வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் இரவு ஏழரை மணிக்கு, நான் வாயைத் திறக்குமுன்பே, "இன்னிக்கு வேணாம் ஆயா" என்றாள். மீண்டும் சும்மா இருந்தேன்.

2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் தாயின் உடல்நிலை நன்றாகத் தேறியது. அவர் மகளைச் சந்திக்க அலுவலகத்திற்கு வரத் தொடங்கினார். இரண்டாம் சந்திப்பில் வராந்தா பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்காத தூரத்தில் போய் நின்றுகொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஒன்றரை ஆண்டாக, 'அவள் தாய்க்குக் குணமாகட்டும்' என்றுதான் பிரதோஷந்தோறும் வேண்டிவந்தேன். குணமாகத் தொடங்கிய பிறகு வந்த முதல் பிரதோஷத்தில், நந்தியின் முன் நின்று அந்த வாக்கியத்தைத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. இன்னும் ஒரு வருஷம் என்று மனம் கேட்டது. வளர்ப்புப் பராமரிப்பில் இரண்டு ஆண்டுகள் இருந்தால் தத்தெடுக்கலாம் என்று 2024இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்களே என்று உறவினர் ஒருவர் சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைக்குத்தான் அது பொருந்தும், தாய் வந்து கேட்கும் குழந்தைக்குப் பொருந்தாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன். ஒரு நோயாளி குணமாகக் கூடாது என்று முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் ஒருமுறைகூட நினைத்திராத நான், கோயிலுக்குள் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். தீபாராதனை காட்டியபோது கையைக் குவித்தேன்; சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவு ஏழரை மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தி, அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டேன். வாக்கியம் முடிந்தது. மறுவாரம் வந்த அலுவலரிடம், தாயும் மகளும் சேர்ந்திருக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதே என் கருத்து என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன்பே ஆணை வந்தது. பலகையிலிருந்து படத்தையும் மாலையையும் அவளே எடுத்துப் பையில் வைத்தாள். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். நான் அவளுடைய தடுப்பூசி அட்டையையும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவைத்த தாளையும் கொடுத்தேன். புதுநன்மைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சின்னவள் தாத்தாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. இரவு ஏழரை மணி ஆனதும் என் கணவர், நான் எதுவும் கேட்காமலேயே, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுகிறார். நான் வாசற்படியில் உட்காருகிறேன். மாலையின் பத்து மணிகளை உருட்ட ஆகும் நேரம் கழிந்ததும் எழுந்து போய் இட்லிக்கு ஊறவைத்ததை அரைக்கிறேன்.