ஆறு மணி விமானம்: மீனம்பாக்கம் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு இரவு

நாளை காலை 6.00 மணிக்கு தில்லி விமானம். நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், அதாவது 5.00. விமானம் ஏறும் கேட் மூடுவது 5.35. மெட்ரோவின் முதல் வண்டியே 5 மணிக்குத்தான், அதனால் டாக்ஸி. முன்பதிவு செய்த வண்டியும் கடைசி நேரத்தில் கேன்சல் ஆகும். அதற்கென்று அரை மணி தனியாக வைக்கணும்.

முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழைய உதவும் டிஜி யாத்ரா செயலியில் ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். இங்கேதான் நம் இனிஷியல் காலை வாரும். ஆதாரில் 'மு. செந்தில்'. டிக்கெட் போடும் தளமோ குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்து 'செந்தில் முத்தையா' ஆகிவிடும். இரண்டும் பொருந்தாவிட்டால் வாசலில் கதவு திறக்காது, சாதா வரிசைதான். ஆபீஸில் டிக்கெட் போடுகிறவரிடம் ஆதார் நகலைக் கொடுத்துவைப்பதே வழி.

பவர் பேங்க் கைப்பையில். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர். 100 வரை அனுமதி கேட்க வேண்டாம். பெரிய பெட்டிக்குள் போட்டால் ஸ்கேனில் மாட்டும், ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள்.

ஜனவரி 6, திங்கள், 4.40

டி1-ஆ (முதல் முனையம்), டி4-ஆ (நான்காம் முனையம்) என்று பார்க்காமல் இறங்கியவர்கள் இன்றும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டும் உள்நாட்டு முனையங்கள்தான், நடுவில் பன்னாட்டு டி2 நிற்கிறது.

செக்யூரிட்டியில் லேப்டாப், போன், பவர் பேங்க், பெல்ட் எல்லாம் ட்ரேயில். சார்ஜர் ஒயரைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தால் திரையில் ஒரே கருமுடிச்சு. பை பக்கவாட்டு ரோலருக்குத் தள்ளப்படும். அங்கே ஏற்கெனவே ஆறேழு பை நின்றால் பத்து நிமிடம் காலி. வெள்ளி அரைஞாண் கட்டியவரிடம் கைக்கருவி இடுப்பில் கீச்சிடும். சட்டையைத் தூக்கிக் காட்டினால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள்.

காபி குடிப்பது கேட்டைப் பார்த்த பிறகுதான். விமானம் வரை பஸ்ஸில் கொண்டுபோகும் பஸ் கேட் என்றால் முன்கூட்டியே ஏற்றத் தொடங்குவார்கள். அறிவிப்பை நம்பக் கூடாது, பலகையைப் பார்க்கணும்.

ஜனவரி 12, ஞாயிறு

நாளை போகி. பழைய பாயும் டயரும் எரிந்த புகை மார்கழிப் பனியோடு கலந்தால் ஓடுபாதை தெரியாது. 2018 போகியில் பட்டபாடு ஊரறிந்தது. புறப்பாட்டைவிட இறங்குவதற்குத்தான் அதிகப் பார்வைத் தூரம் தேவை. இரவே வந்து நிற்கும் விமானம் கிளம்பிவிடலாம். எட்டு மணிக்காரருக்கு வர வேண்டிய விமானமோ பெங்களூருக்குத் திரும்பிப் போயிருக்கும். போகியன்று போயே ஆக வேண்டுமென்றால் முதல் விமானம், இல்லையென்றால் மதியம். இடைப்பட்டதை எடுக்க வேண்டாம்.