ஷாட் ஷோவுக்குள் நுழைய என்னென்ன கேட்டார்கள்: ஒரு துப்பாக்கிக் கடை ஊழியரின் அனுபவம்

டெக்சாஸில் ஒரு சிறிய துப்பாக்கிக் கடையில் கொள்முதல் வேலை பார்க்கிறேன். எதை வாங்கி அடுக்குவது, எந்த விலைக்கு, எத்தனை நாள் கடனில் என்பதெல்லாம் என் பொறுப்பு. 2024 ஜனவரி 23 முதல் 26 வரை லாஸ் வேகாஸில் நடந்த ஷாட் ஷோ என்ற துப்பாக்கித் தொழில் கண்காட்சிக்குக் கடை சார்பில் போய் வந்தேன். இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் குறைவு. ஆனால் போகலாமா, யாரை விடுவார்கள் என்று கேட்பவர்கள் நிறைய. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது துப்பாக்கிச் சந்தை இல்லை. வார இறுதியில் ஊர் ஊராக நடக்கும் கன் ஷோவுக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் போகலாம், சட்டம் தடுக்காதவர்கள் வாங்கலாம். ஷாட் ஷோ அப்படியல்ல. இதை நடத்துவது என்.எஸ்.எஸ்.எஃப் என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் சங்கம். 1979இல் செயின்ட் லூயிஸில் தொடங்கியபோதே, தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் உட்கார்ந்து அந்த வருடத்து ஆர்டரை எழுதும் இடமாகத்தான் இதை வைத்திருந்தார்கள். பல ஊர்களில் சுற்றிவிட்டு 2010 முதல் லாஸ் வேகாஸில்தான் நடக்கிறது. இப்போது வருபவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்பதுதான் நான் போன வருடத்தின் விதி.

பதிவு செய்யும்போது நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கடையின் எஃப்.எஃப்.எல் உரிமத்தின் நகல், நான் அங்கே வேலை செய்கிறேன் என்பதற்கான சான்று, கடைப் பெயர் போட்ட அட்டை என்று வரிசையாக ஏற்றினேன். எஃப்.எஃப்.எல் என்பது துப்பாக்கி வியாபாரம் செய்ய மத்திய அரசின் ஏ.டி.எஃப் துறை தரும் உரிமம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைக்கு உரிமம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் தொடர்பைக் காட்ட வேண்டும். எங்கள் கடையில் எப்போதாவது வந்து உதவும் ஒருவரையும் சேர்த்துப் பதியலாம் என்று முதலாளி நினைத்தார். சம்பளச் சீட்டில் பெயர் இல்லாத ஆளுக்கு வழியில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இந்தச் சோதனை இல்லாவிட்டால் அரங்கு முழுக்க வேடிக்கை பார்ப்பவர்கள்தான் இருப்பார்கள்.

தெரிந்த தம்பி ஒருவர் ஃபோன் பண்ணினார். "அண்ணே, பையனுக்குத் துப்பாக்கி சுடும் போட்டியில ரொம்ப ஆர்வம். பதினாலு வயசாகுது. உங்ககூட ஒரு நாள் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்றார்.

"முடியாதுப்பா. பதினாறு வயசுக்குக் கீழ யாரையும் விடமாட்டாங்க. கைக்குழந்தையைக்கூட உள்ள தூக்கிட்டுப் போக முடியாது. பையன் பெரியவனா இருந்தாலும் தொழில்ல இருக்கணும்" என்றேன். அவருக்கு, துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சங்கமான என்.ஆர்.ஏ-யின் ஆண்டுக் கூட்டத்தைச் சொன்னேன். அங்கும் பெரிய கண்காட்சி உண்டு, குடும்பத்தோடு போகலாம்.

அதே பேச்சில் அவர் தன் விசாவைப் பற்றியும் கேட்டார். இது நம்மவர்களுக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. விலக்குகள் சில உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. கடையில் தினமும் இதைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. சுட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி எதற்குப் போவதாக இருந்தாலும் முதலில் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சுட்டுப் பார்ப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஷோவுக்கு முந்தைய திங்கட்கிழமை போல்டர் சிட்டி பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் களத்தில் 'இண்டஸ்ட்ரி டே' நடக்கும். அதற்கு ஷாட் ஷோ பேட்ஜ் மட்டும் போதாது, தனி அழைப்பு வேண்டும். ஊடகக்காரர்களுக்கும் வாங்குபவர்களில் சிலருக்கும்தான் கிடைக்கும். எனக்கு வரவில்லை.

பேட்ஜ் வாங்கப் புகைப்படத்தோடு கூடிய அரசு அடையாள அட்டையைக் காட்டினேன். சொந்தத் துப்பாக்கி, தோட்டா எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. காட்சிக்கு இருக்கும் துப்பாக்கிகளிலும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைக் கழற்றியிருப்பார்கள். ஷோவின் பாதுகாப்பு ஆட்கள் அதைப் பார்த்துச் சோதித்த பிறகுதான் மேஜைக்கு வரும். போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை எடுத்துப் பார்த்தேன். போல்ட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றி அதன் முகத்தைக் காட்டினார் அங்கிருந்தவர். நடுவில் பின் எட்டிப் பார்க்க வேண்டிய துளை வெறுமையாக இருந்தது. மற்றபடி எடை, சமநிலை, விசையின் இழுப்பு, போல்ட் ஓடும் வழவழப்பு எல்லாவற்றையும் கையால் உணர முடிந்தது. விசையின் இழுப்பில் சின்னக் கரகரப்பு இருந்தது, அது எந்தப் படத்திலும் தெரியாது. அந்த மாடலை நாங்கள் எடுக்கவில்லை. கொள்முதல் பார்ப்பவன் இவ்வளவு தூரம் போவது இதற்காகத்தான்.

வேறொரு பெரிய நிறுவனத்தின் அரங்கில் அனுபவம் வேறு மாதிரி. முன்பதிவு செய்த நேரத்துக்குப் போய் நின்றேன். விற்பனைப் பொறுப்பாளர் ஒரு வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் அடுத்த கேமரா வந்தது. எங்கள் கடை வருடம் முழுக்க அவர்கள் பொருளை விற்கிறது. கடைசியில் வேறொருவர் வந்து ஒரு அட்டையைக் கொடுத்து, "விநியோகஸ்தர் மூலமாகவே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேமராக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஊடகத்துக்கும் தனி விதி இருக்கிறது, அவர்களும் தங்கள் வேலையை நிரூபித்துத்தான் உள்ளே வருகிறார்கள். ஆனால் இந்த ஷோ யாருக்காக என்ற கேள்வி அந்த இடத்தில் எனக்குள் வலுவாக எழுந்தது.

எங்கள் முதலாளி பழைய ஆள். ஜனவரியில் ஷோவில் ஆர்டர் எழுதாவிட்டால் இலையுதிர்கால வேட்டை சீசனுக்குச் சரக்கு வராது என்றிருந்த காலத்தைப் பார்த்தவர். இப்போது விநியோகஸ்தரின் இணையதளத்தில் நள்ளிரவிலும் ஆர்டர் போடலாம். புது மாடல்களை எந்த மாதத்திலும் வெளியிடுகிறார்கள். ஷோ தொடங்கும் முன்பே எல்லோரும் படங்களைப் பார்த்துவிடுகிறார்கள். 2021இல் கொரோனாவால் ஷோவே நடக்கவில்லை. அப்போதும் கடைகளில் சரக்கு நிற்கவில்லை, தோட்டாவுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஷோ இல்லாமலும் விற்க முடியும் என்பதைத் தொழில் முழுவதும் அன்று பார்த்துவிட்டது.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? ஷோ சலுகை இன்னமும் உண்டு. சரக்கை இப்போது எடுத்துக்கொண்டு பணத்தைச் சில மாதம் கழித்துக் கட்டும் வசதி சிறிய கடைக்குப் பெரிய விஷயம். அதைவிட எனக்குப் பயன்பட்டது வேறு. நான்கு நாள் ஷோவில் ஏ.டி.எஃப் துறையே ஒரு அரங்கு போட்டிருக்கிறது. துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தின் புது வடிவம் 2024 பிப்ரவரி 1 முதல் கட்டாயமாகப்போவதாக இருந்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கான கூடுதல் சரிபார்ப்பில் எனக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. அவற்றை எழுதிக்கொண்டு போய் நேராகவே கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள். கடைக்காரர்களுக்கான வகுப்புகளும் நடக்கின்றன. அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதும் குறைவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் தப்பானாலும் உரிமத்துக்கே ஆபத்து வரக்கூடிய நேரம் அது.

கீழ்த்தளத்தையும் சொல்ல வேண்டும். உயரம் குறைந்த கூரை, நெருக்கமான சின்ன அரங்குகள். பெரிய பெயர்கள் மேல்தளத்தில்தான். ஆனால் ஒரு துப்பாக்கி உறை தைப்பவர், துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்தும் மவுண்ட்டைக் கடைபவர் என்று உற்பத்தி செய்பவரே மேஜைக்குப் பின்னால் நிற்பது கீழேதான். நான் எழுதிய ஆர்டர்களில் பாதிக்கு மேல் அங்கே எழுதியவை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கிறது. விலையையும் அங்கேயே முடிக்கலாம். முதல் முறை போகிறவர்கள் மேல்தளத்தில் நாள் முழுவதையும் தொலைத்துவிடாமல் முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள்.

நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கதவில் இவ்வளவு கறாராகப் பார்த்து உள்ளே விடுகிறார்கள், அது சரி. உள்ளே வந்த பிறகு முதல் நாள் காலையையாவது வாங்க வந்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கலாம், கேமராக்கள் மதியம் வரட்டும். ஷோ முடிந்த பின் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்த படிவத்தில் இதையேதான் எழுதினேன். முதலாளியிடமும் பேசிவிட்டேன். அடுத்த முறை இரண்டு பேர் போவதாகத் திட்டம். ஒருவர் வகுப்புகளுக்கும் ஏ.டி.எஃப் அரங்குக்கும், ஒருவர் கீழ்த்தளத்துக்கு. இரண்டு பேர் பெயரும் சம்பளச் சீட்டில் இருக்கிறது.