கெம்னிட்ஸில் இருக்கிறேன், வேலையில் இருக்கிறேன்

எங்கள் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வரும் செய்திகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. "துபாயில் சேர்ந்துவிட்டேன்." "குரூப் 4 தேறிவிட்டேன், விஏஓ பணி." "மகன் பிறந்திருக்கிறான்." உடனே வாழ்த்துகள் வரிசை கட்டும், அத்தோடு சரி. அந்த வரிக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் எப்படிப் போயின என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

நாங்கள் மெக்கானிக்கல் முடித்தது 2017-ல். அப்போது தமிழ்நாட்டில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் எங்களுடையது, கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் நிரம்பும் ரகம். பெரிய கல்லூரியில் படித்தவர்களுக்கு எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு சீனியர் அண்ணா கிடைப்பார். எங்களுக்கு அப்படி முன்னால் போனவர்கள் யாருமில்லை. அதனால் எங்கள் ஜூனியர்களுக்குப் பயன்படப்போவது அந்த ஒற்றை வரி அல்ல, அதில் விடுபட்டவைதான் என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் வேலை பார்க்கும் என் பங்கை எழுதிவிடுகிறேன்.

நான் 2019 அக்டோபரில் ஜெர்மனிக்கு வந்தேன். வந்த காரணத்தில் பெரிய இலட்சியமெல்லாம் இல்லை. முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கேட்காத நாடாக இருந்தது, அவ்வளவுதான். அதிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியிருந்ததால், அந்த மாநிலத்திலுள்ள ஸ்டுட்கார்ட்டில் படிக்கும் கனவு அங்கேயே முடிந்தது. மிஞ்சியவற்றில் நாட்டின் கிழக்கிலுள்ள சாக்சனி மாநிலத்தின் கெம்னிட்ஸ் அமைந்தது.

கல்லூரியின் பெயரை நினைத்துத் தயங்கியதெல்லாம் வீண். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது, இங்கே பார்த்தது அதைத்தான். மதிப்பெண்ணை இவர்கள் தலைகீழாக மாற்றிக்கொள்வார்கள் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. பத்துக்கு 7.5 சிஜிபிஏ வைத்திருந்தால், ஐந்தைத் தேர்ச்சி எல்லையாகக் கொண்டு கணக்கிட்டால் 2.5 வரும். பல படிப்புகள் அந்த 2.5-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன.

கட்டணம் இல்லையே தவிர, பணம் வேண்டும். மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நான் வந்த ஆண்டு அது மாதம் 853 யூரோ வீதம் 10,236 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992, மொத்தம் 11,904. நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே திரும்பி வரும். ஆனால் அந்தத் தொகையைக் கையில் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் வகுப்பில் எத்தனை? என் வீட்டில் நகை வங்கிக்குப் போனது.

அப்பாவின் கவலை வேறு. கெம்னிட்ஸ் என்று தேடினால் 2018 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த கலவரம்தான் முதலில் வந்தது. "வேறு ஊரே கிடைக்கவில்லையாம்மா?" என்றார். அந்தக் கவலை ஆதாரமற்றதல்ல. டிராமில் முறைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் சில வழிகளைத் தவிர்க்கிறேன். அதே ஊரில்தான் என் வீட்டு மாடிப் பாட்டி, குளிருக்கு நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல் தன் மகளின் பழைய கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, வரி எண் தராவிட்டால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அதிகபட்ச வரியைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே வாடகை குறைவு என்று பதிவு செய்ய அனுமதிக்காத அறையை எடுக்காதீர்கள். முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம்.

படிப்பில் எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் உண்மையான ஆபத்து தேர்வு விதிதான். அரியர் வைத்து, அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பழகிய கை நம்முடையது. இங்கே பொதுவாக ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புகள். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றம், அதே படிப்பை ஜெர்மனியின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பையன் இரண்டாம் ஆண்டில் இப்படித் திரும்பிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி ஏஜென்சிகள் வாயே திறப்பதில்லை.

கொரோனாக் காலம் விடுதி அறைக்குள் போயிற்று. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

2022-ல் பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாத அனுமதி கிடைத்தது. தாராளமான காலம் என்றுதான் தோன்றும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்ததால் மொழியைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் சிக்கினோம். பெர்லினில் மென்பொருள் வேலைக்கு ஆங்கிலம் போதும். சாக்சனியில் இயந்திர உதிரிபாகம் செய்யும் நூறு பேர் கம்பெனியில் போர்மேனிடம் என்ன மொழியில் பேசுவது? மாலை வகுப்பில் ஜெர்மன் மொழியின் பி2 நிலையை (ஏ1 தொடக்கம், சி2 உச்சம்) முடித்த பிறகுதான் ஒரு கம்பெனி தரப் பரிசோதனைப் பிரிவில் எடுத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். டிசம்பரில் இருட்டில் போய், நாலு மணிக்கு மறையும் சூரியனைத் துரத்திக்கொண்டு வீடு திரும்புவேன். ப்ளூ கார்டில் (பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை, வசிப்பு அனுமதி) இருப்பவர்களுக்கு பி1 மொழித் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். எனக்குக் கிடைத்துவிட்டது.

வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். ஒருத்தி சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் இருக்கிறாள், என்னைவிட நிம்மதியாக. இன்னொருத்தி திருமணத்துக்குப் பின் குழுவில் பேசுவதே இல்லை. அவளைத் தனியாக அழைத்துப் பேசுவேன், அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் இரண்டு சிஎன்சி இயந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் நண்பன்தான் எங்களில் படித்த படிப்பை முழுமையாகப் பயன்படுத்துபவன். அளவு பிசகிய உதிரிபாகம் ஒன்றைப் பற்றி நான் அவனிடம் யோசனை கேட்டதுண்டு. வெளிநாட்டுக்குப் போனவர்தான் முன்னேறியவர் என்று குழுவில் ஒரு வரிசை இருக்கிறது பாருங்கள், அதை நான் நம்புவதில்லை.

"வரலாமா அக்கா?" என்று கேட்கும் ஜூனியர்களுக்கு: 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் மொழியை விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கிவிடுங்கள். ஆவணங்களை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் கேளுங்கள். அன்று இங்கே கடைகள் கிடையாது, எனக்கும் வேறு வேலை கிடையாது.