கோச்சி இல்ல அம்மா, பாதை

போன ஆவணி மாசம் அம்மா சுவிஸுக்குப் போனவ, தங்கச்சிக்கு ரெண்டாவது புள்ள பொறக்க இருந்தது, அதுக்குத்தான். தனியாப் போனா. அறுபத்தாறு வயசு, முழங்கால் நோவு, அதுவரைக்கும் அவ போன ஆகத் தூரமான பயணம் உதயதேவிக் கோச்சியில (ட்ரெயின்ல) கொழும்புக்குப் போனதுதான். வீல்செயார் போடுவம் எண்டு நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல்ல, "நடக்கக்கூடிய மனிசிய எதுக்கு மனே உருட்டிக்கொண்டு போறாங்க" எண்டுட்டா.

அவவுக்குப் பயம் பிளேன் இல்ல. "பிளேன்ல ஏறினா கொண்டுபோய் இறக்கித்தானே விடுவான், நடுவுல டோகாவுல மாறுறதுதான், அங்க நான் எந்தப் பக்கம் போவன்?" இதத்தான் ஒரு கிழமையாக் கேட்டுக்கொண்டே இருந்தா. நான் ஆறு வருசம் கட்டார்ல வேல செஞ்ச ஆள், அந்த எயார்போட்டுக்குள்ளால எத்தின தரம் போய் வந்திருப்பன், அதால எனக்குத் தெரியும், அவ கேட்டது சரியான கேள்வி. முதல்முதலாப் போற ஆக்கள் தடுமாறுறது ஆகாயத்துல இல்ல, ரெண்டு பிளேனுக்கு நடுவுல இருக்கிற அந்த ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துலதான்.

அங்க கட்டிடத்துக்குள்ளயே ஒரு ட்ரெயின் ஓடுது. பெரிய மஞ்சக் கரடிப் பொம்ம ஒண்டு தலையில விளக்கோட இருக்குதே, அந்தப் பக்கத்துல இருந்து மறு அந்தத்துக்கு, ஆக்கள் நடக்கிற ஹோலுக்கு மேலால போகும். 500 மீற்றர், ஒண்டரை நிமிசம். டீ (D), ஈ (E) எண்டு எழுத்துப் போட்ட கேட்டுக்குப் போறவங்களுக்கு அது பெரிய உதவி. இத அம்மாவுக்குச் சொன்னன். எல்லாம் கேட்டுட்டு அவ கேட்ட முதல் கேள்வி: "டிரைவர் ஆரு?"

டிரைவர் இல்ல எண்டேன். அவ்வளவுதான், முகம் மாறிட்டு. அவவுக்குக் கோச்சி எண்டா என்சின், டிரைவர், பச்சக்கொடி ஆட்டுற கார்ட், எல்லாம் இருக்கோணும். ஆள் இல்லாம ஓடுற கோச்சியில நான் ஏறமாட்டன் எண்டு நிண்டுட்டா, நானும் கொம்பியூட்டர் ஓட்டும், கொன்ட்ரோல் ரூம்ல ஆக்கள் கமராவுல பாத்துக்கொண்டு இருப்பாங்க, கதவு பூட்டினாத்தான் வெளிக்கிடும், கதவுல ஆள் நிண்டா பூட்டாது எண்டு எல்லாத்தையும் சொல்லிப் பாத்தன், ஒண்டும் ஏறல்ல.

பிறகு ராவு படுத்துக் கிடக்கக்குள்ளதான் எனக்கு யோசின வந்துச்சு. அம்மாட ஊரு குருமண்வெளி. சின்னப்புள்ளயில இருந்து மண்டூர்க் கந்தன்ட திருவிழாவுக்குப் பாதையிலதான் ஆத்தைக் கடந்து போவா. (வேற ஊராக்களுக்குச் சொல்லுறன், எங்கட பக்கம் பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆக்களையும் மோட்டசைக்கிளையும் ஏத்திக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வாற மிதவை.) விடியவே சொன்னன், "அம்மா அது கோச்சி இல்ல, பாதை. ரெண்டு கரைதான். இங்க ஏறினா அங்க இறங்குறது, வேற எங்கயும் கொண்டுபோகாது. இது போயிட்டா நிண்ட இடத்துலயே நில்லுங்க, அடுத்தது வரும். டிக்கட்டும் இல்ல." பிறகு இதையும் சொன்னன், அத இழுக்கிறது ஒரு கம்பிக்கயிறு, பெட்டிக்குள்ள என்சின் இல்ல, மோட்டர் ஒரு பக்கத்துல நிண்டு சுத்தும், எங்கட கிணத்துக் கப்பி மாதிரி. "வாளிக்குள்ள ஆரும் இருந்தா ஓட்டுறாங்க?" எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு அந்தக் கேள்வியே அவ கேக்கல்ல.

இந்த விசயம் எனக்குப் பிடிச்சதுக்குக் காரணமே இதுதான். 1971ல அமெரிக்காவுல டாம்பா எயார்போட்லதான் முதல்முதலா இப்பிடி ஒண்டு ஓட விட்டாங்க. பயணியள் 700 அடிக்கு மேல நடக்கப்படாது எண்டு முதல்லயே முடிவெடுத்து, அதுக்கு ஏத்தமாதிரிக் கட்டிடத்தப் பிரிச்சு, நடுவுல இந்தப் பெட்டிய ஓட விட்டிருக்கிறாங்க. அம்மாட முழங்கால் மாதிரி எத்தின முழங்கால நினைச்சு ஆரோ ஒரு ஆள் அந்த அடிக்கணக்கப் போட்டிருக்கிறார் எண்டு நினைக்கக்குள்ள மனசுக்கு நல்லா இருக்கு. ஆசியாவுல சிங்கப்பூர்ல 1990ல வந்துச்சு, கோலாலம்பூர்ல 1998ல. எல்லாம் ஒரே மாதிரி இல்ல, கனக்க இடத்துல ரப்பர் டயர்ல கொங்கிரீட்டு மேல கரண்டுல ஓடும், சில இடத்துலதான் கயிறு.

அது நிண்டு போனா என்ன ஆகும் எண்டு கோலாலம்பூரப் பாத்தாத் தெரியும். 2023 மாசியோட பழுது முத்தி, பங்குனியில நிப்பாட்டி, 2025 ஆடி முதலாந் திகதிதான் புது ட்ரெயினோட திரும்ப ஓடத் தொடங்கினது. ரெண்டு வருசத்துக்கு மேல ஆக்கள பஸ்லதான் ஏத்தி இறக்கினாங்க. அவ்வளவு பெரிய எயார்போட்ல ஒரு கிலோமீற்றர் சொச்சம் ஓடுற சின்னப் பெட்டி, அது நிண்டா பஸ்ஸுக்குக் கியூவுல நிக்கிறது கைக்குழந்தைக்காரியும் வயசானவங்களும்தான். ஓடுற வரைக்கும் ஆரும் அதக் கவனிக்கிறதில்ல.

சரி, அம்மாட கதைக்கு வாறன். டோகாவுல வைபைல கோல் எடுத்தா, "ஏறி இறங்கிட்டன், கேட்டடியில இருக்கன்" எண்டா. குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. "ஒண்டு மட்டும் நீ சொல்லல்ல, வெளிக்கிடக்குள்ள ஒரு தள்ளு தள்ளுது, கம்பியப் பிடிக்காட்டி விழுந்திருப்பன்." உண்மைதான், நான் சொல்ல மறந்திட்டன். இத வாசிக்கிறவங்க உங்கட அம்மாமாரை அனுப்பினா முதல்ல இதச் சொல்லுங்க, ஏறின உடன கம்பியப் பிடிக்கச் சொல்லி.

சூரிச்ல இன்னொரு ட்ரெயின் இருக்கு எண்டது எனக்கே தெரியாது. பிளேன் போய் நிண்ட கட்டிடம் ஓடுபாதையளுக்கு நடுவுல தனியா இருக்குது, அங்க இருந்து வெளிய வர நிலத்துக்குக் கீழால ட்ரெயின்தான். 2003ல இருந்து ஓடுது. அதுக்குச் சில்லே இல்ல, காத்து மெத்தை மேல மிதந்துகொண்டு போகும், இழுக்கிறது அங்கயும் கயிறுதான். அம்மா ஆக்களோட ஆக்களா ஏறிட்டா. போய்க்கொண்டு இருக்கக்குள்ள இருட்டுக்குள்ள "ம்மா" எண்டு மாடு கத்தின சத்தம் கேட்டிருக்கு, பிறகு மணிச்சத்தம். அந்த ஊரு சத்தங்கள ட்ரெயினுக்குள்ள போட்டு விடுறாங்களாம். தங்கச்சி வாசல்ல நிண்டு கட்டிப்பிடிக்க, அம்மா சொன்ன முதல் கதை பேரப்புள்ளையப் பத்தி இல்ல, "மாடு எங்க கட்டியிருக்காங்க புள்ள?"

மூண்டு மாசம் இருந்துட்டுத் திரும்பி வந்தா. டோகாவுல இறங்கி ட்ரெயினடிக்கு வரக்குள்ள, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் புள்ள ஒண்டு, குவைத்துல வீட்டு வேலைக்கு நிண்டு ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போறவ, வழிகாட்டுற போட் (பலகை) எல்லாம் அறபியிலயும் இங்கிலீசுலயும் இருந்ததால ஒண்டும் விளங்காமக் கண் கலங்கி நிண்டிருக்கு. தமிழ் ஒரு சொல்லாவது அந்தச் சுவத்துல இருந்திருந்தா எண்டு எனக்கு நெஞ்சு எரிஞ்சுது, எங்கட ஆக்கள் எத்தின பேர் அந்த வழியால போறாங்க. அம்மா அந்தப் புள்ளைட கையப் பிடிச்சு, "பயப்படாத மகள், இது பாதை மாதிரித்தான், ரெண்டு கரைதான், கம்பிய மட்டும் இறுக்கிப் பிடி" எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறா.

கட்டுநாயக்காவுல நான் வேனோட நிக்க, ரெண்டு பேரும் ஒரே தள்ளுவண்டியில பேக்க வச்சுக்கொண்டு வெளிய வந்தாங்க.