மணி என்றுதான் சொன்னார்

"கரையிலிருந்து வருவதாக இருக்கலாம்." யாரும் கேட்காமலே நான் சேர்த்துச் சொன்ன இந்த மூன்று சொற்களைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

கொல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றில் ஜனவரிப் பனி, விடிவதற்குச் சற்று முன். சாகர் தீவைத் தாண்டி ஏறும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது. டயமண்ட் ஹார்பருக்குக் கீழே வந்தபோது எங்கள் கப்பலின் அணியமே, அதாவது முன்முனையே, எங்களுக்குத் தெரியவில்லை. நங்கூரமிடும் இடம்வரை எப்படியாவது போய்விடலாம் என்றார் ஆற்றில் வழிகாட்ட ஏறியிருந்த பைலட். இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரு நெடிய சங்கு. அது ஓய்ந்ததும், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜின் இரு பக்கக் கதவுகளையும் திறந்து காது கொடுப்போம். நம் சங்கே நம்மைச் செவிடாக்கிவிடும். கேட்பதற்குக் கிடைப்பது இடைப்பட்ட நேரம் மட்டும்தான்.

அணியத்தில் காவல் நின்றவர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது: "சார், மணி கேட்கிறது. முன்னால், கொஞ்சம் இடப்பக்கம்."

ரேடாரைப் பார்த்தேன். அந்தத் திசையில் ஒன்றுமில்லை. மரப்படகு ரேடாரில் ஒழுங்காக விழாது என்பது தேர்வு எழுதிய எவனுக்கும் தெரியும். இருந்தும் கேப்டனிடம் திரும்பி, "இடது முன்பக்கம் மணிச் சத்தம் சார்" என்றவன், அந்த மூன்று சொற்களையும் சேர்த்துக்கொண்டேன். கரையோரம் கோயில்கள் இருக்கின்றன, அதிகாலைப் பூசை வேளை. பைலட் ரேடாரை ஒருமுறை பார்த்துத் தலையசைத்தார். கேப்டன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு நானே விடை சொல்லி முடித்துவிட்டேனே.

என் பக்கமும் நியாயம் உண்டு. முன்பக்கம் பனியில் வேறொரு கலம் எழுப்பும் சங்கோ மணியோ கேட்டால், மோதும் அபாயம் இல்லையென்று உறுதியாகாதவரை, சுக்கானுக்குக் கட்டுப்படும் அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவையானால் நிறுத்தவே வேண்டும் என்கிறது கடலில் மோதல் தவிர்க்கும் 1972 சர்வதேச விதிகளின் 19ஆம் விதி. ஆனால் அங்கே பின்னாலிருந்து ஏற்றநீர் தள்ளிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைக் குறைத்தால் சுக்கான் பிடி விட்டுப்போகும், பக்கத்தில் மணல்திட்டு. ஒரு கோயில் மணிக்காகக் கப்பலைத் தரைதட்ட வைத்த மூன்றாம் அதிகாரி என்ற பெயர் யாருக்கு வேண்டும்? இதை எழுதும்போதே தெரிகிறது: நான் பயந்தது மணலுக்கல்ல, பெயருக்கு.

நான்கைந்து நிமிடத்தில் இடப்புறம் ஒரு நாட்டுப்படகு, உரசாத குறையாகக் கடந்தது. அரிக்கேன் விளக்கின் அருகே போர்வை முக்காடிட்ட ஒருவர் குந்தியிருந்து, அலுமினியத் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மீட்டருக்குக் குறைந்த படகுக்கு மணி கட்டாயமில்லை, ஏதாவது சத்தம் எழுப்பினால் போதும். அவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கப்பல் தாண்டிய பிறகும் அதே சீரில் அடித்துக்கொண்டிருந்தார்.

தட்டுச் சத்தம் மணிபோல் கேட்குமா? அணியத்தில் நின்றவர் கேட்டது உண்மையிலேயே கோயில் மணியாக இருந்தால், நான் சொன்னது சரி, படகு தற்செயல். பனியில் சத்தத்தின் திசையே நம்பத்தக்கதல்ல. 1914இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து என்ற பயணிகள் கப்பல் பனியில் மோதி மூழ்கியபோதும் சங்குகள் ஒலிக்கத்தான் செய்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில இரவுகளில் இந்த வாதம் என்னைத் தூங்க வைக்கிறது, சில இரவுகளில் இல்லை.

நங்கூரமிட்டதும் தேநீரோடு அவரிடம் போனேன். "அண்ணாச்சி, அது கோயில் மணிதானே?"

"மணி என்றுதான் சொன்னேன் தம்பி" என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இப்போது என் காவலில் நிற்கும் இளைஞர்களிடம், கேட்டதை மட்டும் சொல்லுங்கள், அர்த்தம் சொல்லாதீர்கள் என்பேன். போன மாதம் ஒரு பையன் பனியில் சங்குச் சத்தம் கேட்டதாகச் சொன்னான். என் வாயில் முதலில் வந்தது, "நன்றாகத் தெரியுமா?"